கப்பலில் வந்த நத்தை

மழை விட்ட காலையில் எங்கள் கடலூர் வீட்டு மதிலில் ஏழெட்டு நத்தைகள் ஒட்டிக்கிடக்கும். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். அம்மா உப்பு டப்பாவோடு வருவாள். “எங்கேர்ந்துதான் வருதோ சனியன்!”

அந்தக் கேள்விக்கு ஓர் ஆண்டும் ஒரு பெயரும் பதிலாக உண்டு. 1847, வில்லியம் ஹென்றி பென்சன். கிழக்கிந்திய கம்பெனியின் சிவில் அதிகாரி, நத்தை ஓட்டுப் பித்தர். இந்திய நத்தைகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் அவர்தான். மொரீஷியஸிலிருந்து இந்த ராட்சத ஆப்பிரிக்க நத்தைகள் சிலவற்றை உயிரோடு கொண்டுவந்தார். கல்கத்தாவில், சௌரிங்கியில் ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. அவ்வளவுதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மொரீஷியஸுக்கு அது அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

1834-க்குப் பிறகு அதே மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர்களும் கப்பலேறினார்கள். நம்ம ஆட்கள் அந்தப் பக்கம் போன கடலில் நத்தை இந்தப் பக்கம் வந்தது. போனவர்களுக்காவது ஒப்பந்தச் சீட்டு இருந்தது. நத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஒரே உடலில் ஆணும் பெண்ணும் உள்ள பிராணி. ஒருமுறை இணைசேர்ந்தால் அந்த விந்தைச் சேமித்துவைத்துப் பல மாதம் முட்டையிடும், ஈட்டுக்கு நூறு, இருநூறு என்று. வெயில் காலத்தில் காய்ந்த சளியால் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். தொட்டிச் செடியின் மண்ணில் நாலு முட்டை இருந்தால் போதும், அடுத்த ஊர் வந்தாச்சு. (நாம் குழம்பு வைக்கும் வயல் நத்தை வேறு. அது தண்ணீரில் வாழ்வது, வாய்க்கு மூடி உண்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எனக்குப் பிடித்தது அந்த ஓடுதான். கூம்பாகச் சுருண்டு, பழுப்பு வரிகளோடு, சில சமயம் 20 செ.மீ. வரை வளரும். அத்தனையும் சுண்ணாம்புச் சத்து. அதற்காகவே நத்தை வெள்ளையடித்த சுவரைச் சுரண்டித் தின்கிறது. சிதம்பரத்தில் அக்கா வாழ்க்கைப்பட்ட பழைய வீடு கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசியது. கடலில் ஓடாக இருந்து, சூளையில் வெந்து, சுவரானது. அதைத் தின்றால் மறுபடி ஓடு!

போன விடுமுறைக்கு வந்த அக்கா பையன் ஒன்றைப் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டையும் குத்திவிட்டான். அதன் சளியிலும் சதையிலும் எலி நுரையீரல் புழு இருக்கலாம், மூளைச் சவ்வையே தாக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒண்ணே ஒண்ணு மாமா. எங்க வீட்டுத் தோட்டத்துல விடுறேன்.”

பாட்டிலை வாங்கிக்கொண்டு, அவனைச் சோப்புப் போட்டுக் கை கழுவ அனுப்பினேன்.