மருத்துவமனையிலிருந்து மைதானத்துக்கு

மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டு உலக அளவில் வளர்ந்த முதன்மையான பாதை மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த லுட்விக் குட்மன், 1948-இல் லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் சக்கர நாற்காலி வில்வித்தைப் போட்டி ஒன்றை நடத்தினார். கலந்துகொண்டவர்கள் 16 பேர். அந்தப் போட்டியே 1960-இல் ரோமில் பாராலிம்பிக்காக விரிந்தது. காது கேளாதோர் அதற்கு வெகு முன்பே, 1924-இல் பாரிஸில், தங்களுக்கெனப் பன்னாட்டுப் போட்டி கண்டிருந்தனர்.

இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கமும் சிகிச்சையின் வழியே வந்ததுதான். ராணுவத்தில் குத்துச்சண்டை வீரராக இருந்த முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடிபட்டார். உடல் தேற நீச்சல் பழகினார். 1972-இல் ஹைடல்பர்க்கில் 50 மீட்டரை 37.33 விநாடியில் நீந்தி வென்றார்.

தமிழ்நாட்டில் இதே கதை பள்ளி மைதானத்தில் நடந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவின் வலது கால் ஐந்து வயதில் பேருந்துச் சக்கரத்தில் நசுங்கியது. அவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், ஊனமில்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பிடித்தார். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்து டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றார். இந்த வரலாற்றில் பதக்கங்களைவிட முக்கியமானது அந்தப் பள்ளிப் போட்டி. தனி மைதானமும் தனிக் கருவியும் இல்லாத ஊரில், எல்லாரோடும் சேர்த்து அவரையும் களத்தில் இறக்க ஓர் ஆசிரியரின் முடிவு போதுமானதாக இருந்தது.

எல்லா விளையாட்டிலும் அப்படி நேராகச் சேர்த்துக்கொள்ள முடியாது. சிலவற்றில் விதியை மாற்ற வேண்டும். பார்வையற்றோர் கிரிக்கெட் இதற்கு அழகான சான்று. பிளாஸ்டிக் பந்துக்குள் சிறு இரும்புக் குண்டுகள் இருப்பதால் உருளும்போது சலசலக்கும். பந்து வீசுபவர் ‘ரெடி?’ என்று கேட்பார். மட்டை பிடித்தவர் ‘யெஸ்’ என்றதும் ‘ப்ளே’ என்று குரல் கொடுத்து, கையைத் தாழ்த்தித் தரையோடு வீசுவார். முழுப் பார்வையிழந்தவர்கள் 11 பேரில் நால்வராவது இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன் இரட்டிப்பாகக் கணக்கில் சேரும். அதனால் எந்த அணியும் அவர்களை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது. இதன் முதல் உலகக் கோப்பை 1998-இல் புதுதில்லியில் நடந்தது.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் கூடையின் உயரம் மாறுவதில்லை. வீரர்களின் உடல் இயக்கத்துக்கு ஏற்ப ஒன்று முதல் நாலரை வரை புள்ளி தரப்படுகிறது. களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கான கூட்டமைப்பை முன்னின்று உருவாக்கியவர் சென்னையில் வாழும் மாதவி லதா. இறகுப்பந்தில் சக்கர நாற்காலி ஒற்றையர் ஆட்டம் பாதிக் களத்தில் நடக்கிறது. கை பாதிக்கப்பட்டவர்கள் முழுக் களத்தில் ஆடுகிறார்கள்.

இந்தக் கடைசிப் பிரிவில்தான் திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் வருகிறது. பிறக்கும்போதே வலக்கை பாதிக்கப்பட்ட திருவள்ளூர் மனிஷா ராமதாஸ் 2022-இல் உலக வாகையர் பட்டம் வென்றார். 2024 பாரிஸ் அரையிறுதியில் அவரும் காஞ்சிபுரம் துளசிமதி முருகேசனும் எதிரெதிரே ஆடினர். துளசிமதி வென்று இறுதியில் வெள்ளி பெற்றார், மனிஷாவுக்கு வெண்கலம். பாராலிம்பிக் அரையிறுதி ஒன்றில் வலையின் இரு பக்கமும் தமிழ்நாட்டுப் பெண்கள் நின்றது தமிழ்நாட்டு விளையாட்டு வரலாற்றில் தனித்துச் சொல்ல வேண்டியது.

சட்டமும் இதற்குள் மாறியிருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டை உரிமையாக ஏற்கிறது. மைதானங்களைத் திருத்தி அமைப்பதும் பயிற்சிக்கு நிதி ஒதுக்குவதும் அரசின் கடமை என்கிறது. தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் 2023 முதல் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு.

ஆனாலும் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்கு, மாவட்டத் தலைநகரான திருவள்ளூர் எளிதில் எட்டாத ஊர். ஆரம்பாக்கம் கூடூர் ரயில் பாதையில் இருக்கிறது. திருவள்ளூர் அரக்கோணம் பாதையில். ரயிலில் போக வேண்டுமானால் சென்னை வரை வந்து வண்டி மாற வேண்டும். ஊன்றுகோலோடோ சக்கர நாற்காலியோடோ ஒருவர் இரண்டு வண்டி ஏறி இறங்கித்தான் மாவட்டத் தலைநகரின் போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியும் என்றால், பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளும் நெடுஞ்சாலையும் சூழ்ந்த இந்தப் பகுதியில், வேலையிலோ சாலையிலோ அடிபட்டு நடுவயதில் கையோ காலோ இழப்பவர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவர்கள் பள்ளி மைதானத்தைத் தாண்டிவிட்டவர்கள். உடற்கல்வி ஆசிரியரின் கண் அவர்கள்மேல் படாது. மாவட்டப் போட்டியின் முதல் சுற்றை ஒன்றிய அளவில், கும்மிடிப்பூண்டியிலேயே நடத்தினால் இவர்கள் ஒரே ரயிலில் வந்து ஆடிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம்.