ஒரு பைசா வசூல்

போன கோடையில் எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பக்கத்து டேக்டியில் (மராத்தியில் குன்றை அப்படித்தான் சொல்வார்கள்) நட்ட மரக்கன்றுகளுக்கு டேங்கர் தண்ணீர் விட வேண்டும், வீட்டுக்கு நூறு ரூபாய் என்று. கூடவே க்யூஆர் கோடு. மடமடவென்று அறுபது கைகூப்பல், நாற்பது இதயம். கணக்கு என் பொறுப்பு. பேங்க்காரனை இதற்கெல்லாம் விடமாட்டார்களே! ராத்திரி பார்த்தால் வந்தது எழுநூறு ரூபாய். அதில் நூறு என்னுடையது, நூறு தங்கமணியுடையது :-)

கூப்பிட்டால் வராத ஊர் இல்லை இது. 2023 ஏப்ரலில் வேதாள் டேக்டியையும் ஆற்றங்கரை மரங்களையும் காப்பாற்ற ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் ஆள் சேருவது வேறு, காசு சேருவது வேறு.

அப்போதுதான் பைசா ஃபண்ட் ஞாபகம் வந்தது. புனேயிலிருந்து லோனாவலா லோக்கலில் போனால் வழியில் தளேகாவ் வரும். அங்கே 1908-ல் பொதுமக்கள் காசில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். யோசனை அந்தாஜி தாமோதர் காளே என்ற பள்ளி வாத்தியாருடையது. நாட்டில் தொழில் வளர ஆளுக்கு ஒரு பைசா கொடுங்கள், அவ்வளவுதான். திலகர் அதைக் கையிலெடுத்து 'கேசரி'யில் எழுதினார். அந்தக் காலத்து சமூக ஊடகம் என்றால் கேசரிதான்.

என் கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்குமா? அப்போது ரூபாய்க்கு 64 பைசா. 1901 சென்சஸ்படி ஜனத்தொகை 29 கோடிக்கு மேல். எல்லோரும் கொடுத்தால் சுமார் 46 லட்ச ரூபாய். நம்ம வ.உ.சி. 1906-ல் கப்பல் கம்பெனிக்குத் திட்டமிட்ட மூலதனமே 10 லட்சம்தான், பங்கு ஒன்று 25 ரூபாய். பங்கு வாங்கியவருக்கு லாபத்தில் ஆசை இருக்கலாம். பைசா கொடுத்தவருக்குத் திரும்ப எதுவும் வராது.

46 லட்சமெல்லாம் சேரவில்லை. ஆனாலும் ஆலை வந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொழில் கற்ற ஈஸ்வர்தாஸ் வார்ஷ்ணே அதை நடத்தினார். கண்ணாடித் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளியாகவும் அது இருந்தது. அங்கே பழகியவர்கள் வேறு ஊர்களுக்குப் போய் ஆலைகளில் வேலை செய்தார்கள். அதே 1908-ல்தான் திலகர் மாண்டலே சிறைக்குப் போனார், வ.உ.சி.யும் சிறைக்குப் போனார். கப்பல் கம்பெனி 1911-ல் முடிந்துபோயிற்று. தளேகாவ் உலை அதற்குப் பிறகும் எரிந்தது.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஒரு பைசாவை மணியார்டரில் அனுப்ப முடியாது, கமிஷனே அதைவிடக் கூட. யாராவது நேரில் வந்து கைநீட்டினால்தான் உண்டு. காளே ஊர் ஊராக அலைந்தார். வந்தவர் முகத்தைப் பார்த்து எதற்கு, ஏன் என்று நாலு கேள்வி கேட்டுத்தானே கொடுத்திருப்பார்கள்? இன்றைக்கு யூபிஐயில் ஒரு ரூபாய் அனுப்பவும் செலவில்லை. அதனால் யாரும் வாசலுக்கு வருவதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். தங்கமணி, "இந்த வயசுல உண்டியலா?" என்று சிரித்தாள். மூன்றாவது மாடி ஆஜி, வாட்ஸப்பே இல்லாதவர், எந்த மரம், யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று கால்மணி நேரம் விசாரித்தார். ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டு, நோட்டில் பேர் எழுதும்வரை விடவில்லை. இரண்டு கட்டடம் முடிந்திருக்கிறது. இன்னும் மூன்று பாக்கி.