சோதித்தவர்களின் சாட்சியம்: பழைய கணினிகளும் லினக்ஸின் முன்வெளியீடுகளும்



2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11 பழைய மேசைக் கணினிகள் பலவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. நம் இல்லங்களிலும் மத்ரஸாக்களிலும் பள்ளிவாசல் அலுவலகங்களிலும் குறையின்றி ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகளை இனி என்ன செய்வது என்ற கேள்வி இதனால் எழுந்துள்ளது. "லினக்ஸ் போட்டுவிடலாம்" என்று விவரமறிந்த பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல ஆலோசனைதான். ஆயினும் பதினைந்து ஆண்டுப் பழைய பெட்டியில் இன்று வெளியான இயங்குதளம் எவ்வாறு ஓடுகிறது என்பதை நாம் சற்று நின்று சிந்திப்பதில்லை. அதை எழுதிய நிரலர்கள் பெரும்பாலோரின் மேசையில் அத்தகைய பெட்டி இருப்பதில்லை. யாரோ ஒருவர் முழுமையடையாத பதிப்பைத் தம் சொந்தக் கணினியில் ஏற்றிப் பார்த்து, ஓடியதையும் ஓடாததையும் எழுதி அனுப்பியிருக்கிறார். அத்தகையோரின் வரலாறு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது; அது நம் கணினியின் ஆயுளோடு நேரடித் தொடர்புடையது.

லினக்ஸ் என்பது 'கெர்னல்' எனப்படும் உட்கருவின் பெயர். அதனோடு பயன்பாட்டுக்குரிய மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்துத் தருவதை 'வழங்கல்' என்கிறோம். உபுண்டு ஒரு வழங்கல். அதற்கு அடிப்படையான டெபியன் மற்றொன்று. 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், முழுமையடையாத பதிப்பு தவறான கைகளில் சிக்கினால் என்ன நேரும் என்பதை மிக விரைவிலேயே கற்றுக்கொண்டது.

இணைய இணைப்பு அரிதாயிருந்த அந்நாளில் லினக்ஸ் பெரும்பாலும் குறுந்தகடுகளில் விற்கப்பட்டது. 1995 நவம்பர் மாதத்திய தொகுப்பொன்றில் இன்ஃபோமேஜிக் என்ற நிறுவனம் 'டெபியன் 1.0' என்ற பெயரிட்டு ஒரு பதிப்பைச் சேர்த்துவிட்டது. உண்மையில் அது பணி பாதியில் நின்றிருந்த ஒரு நகல். கணினி அதைக் கொண்டு தொடங்குமா என்பதே ஐயத்துக்குரியதாயிருந்தது. டிசம்பரில் இரு தரப்பினரும் இணைந்து உண்மையை அறிவித்தனர். 1.0 என்ற எண்ணையே டெபியன் கைவிட்டது. 1996 ஜூனில் வெளியான முதல் முழுப் பதிப்புக்கு 1.1 என்று எண்ணிட்டது. டெபியனின் வெளியீட்டுப் பட்டியலில் 1.0 என ஒன்று இன்றளவும் இல்லை. அதன்பின் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்புகளை எண்ணால் அழைக்காமல் குறிப்புப் பெயரால் அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அப்போதைய தலைவர் புரூஸ் பெரன்ஸ் பிக்ஸார் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆகவே 'டாய் ஸ்டோரி' படத்தின் பாத்திரங்களே பெயர்களாயின. என்றும் நிலைபெறாத சோதனைக் கிளைக்கு வைத்த பெயர் 'சிட்'. அப்படத்தில் பொம்மைகளை உடைத்துப் பார்க்கும் சிறுவன் அவன். பொருத்தமான பெயர்தான்.

1997இல் டெபியன் தன் சமூக ஒப்பந்தத்தை வகுத்தபோது, குறைகளை மறைப்பதில்லை என்பதை அதன் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வந்த வழு அறிக்கைகள் அனைத்தும் எவரும் காணத்தக்க வகையில் திறந்தே இருக்கும். விற்கும் சரக்கின் குறையை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்ற வணிக ஒழுக்கத்தை அறிந்த நமக்கு இது புதியதன்று. ஆனால் தன் பொருளின் பழுதுகளைத் தானே பட்டியலிட்டு உலகின் முன் வைப்பது அன்றைய மென்பொருள் வணிகத்தின் இயல்புக்கு மாறானது.

2000ஆம் ஆண்டின் இறுதியில் 'சோதனை' என்ற இடைக்கிளை பிறந்தது. ஒரு மென்பொருள் முதலில் சிட் கிளைக்கு வரும். அங்கே அதன் அவசரத்துக்கேற்ப 2, 5 அல்லது 10 நாள்கள் காத்திருக்கும். அதற்குள் புதிய கடும் பழுது எதுவும் அறிவிக்கப்படவில்லையெனில் சோதனைக் கிளைக்கு நகரும். பின்னர் ஒரு கட்டத்தில் அக்கிளை உறைநிலைக்கு வந்து, பழுதுகள் களையப்பட்டு, நிலையான பதிப்பாக வெளியாகும். இவ்வேற்பாடு முழுவதும் ஓர் எதிர்பார்ப்பின் மீது நிற்பதை நாம் கவனிக்க வேண்டும்: பழுது இருந்தால் யாரேனும் சொல்வார்கள் என்பதே அது. எவரும் சொல்லாவிட்டால், பத்து நாள் மௌனம் நற்சான்றாகிவிடுகிறது.

எனவேதான் நிறுவல் அறிக்கை என்னும் படிவம் முக்கியத்துவம் பெறுகிறது. டெபியனை ஒரு கணினியில் நிறுவிப் பார்ப்பவர் அக்கணினியின் வகை, செயலி, நினைவகம், வன்தட்டுப் பிரிப்பு ஆகியவற்றை அதில் குறிக்கிறார். பிறகு கணினி தொடங்கியதா, பிணைய அட்டை கண்டறியப்பட்டதா, வன்தட்டு தெரிந்ததா என ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம் உண்டு. சரியெனில் 'ஓ', பிழையெனில் 'ஈ' என்று ஆங்கில எழுத்தொன்றை இட வேண்டும். முயன்று பார்க்கவில்லையெனில் கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். இந்த மூன்றாவது வகையை நாம் பெரிதும் மதிக்கிறோம். தான் காணாததைப் பற்றிச் சாட்சி சொல்லாதிருக்க அது இடமளிக்கிறது. எல்லாம் நன்றாக முடிந்தாலும் அறிக்கை அனுப்புமாறு டெபியன் கேட்டுக்கொள்கிறது. எந்தெந்தப் பெட்டியில் ஓடுகிறது என்பதும் தெரிய வேண்டிய செய்தியல்லவா?

சோதித்தவர்கள் தம் பொருளை இழந்த நிகழ்வும் உண்டு. 2008 செப்டம்பரில் உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மாண்ட்ரிவா ஆகியவற்றின் முன்வெளியீடுகள் கெர்னல் 2.6.27இன் சோதனைப் பதிப்புகளைக் கொண்டிருந்தன. அவற்றை நிறுவிய சிலரது கணினிகளில் இன்டெல் பிணைய அட்டை செயலிழந்தது. சாதாரணப் பழுதெனில் மீண்டும் தொடங்கினால் தீரும். இங்கோ அட்டையின் நிரந்தர நினைவகமே அழிந்திருந்தது. பழைய இயங்குதளத்தை மீண்டும் ஏற்றியும் அட்டை உயிர் பெறவில்லை. பழி முதலில் 'இ1000இ' என்ற பிணைய இயக்கியின் மீது விழுந்தது. வரைகலை இயக்கி மீதும் ஐயம் எழுந்தது. வழங்கல்கள் பிணைய இயக்கியை முடக்கிவைத்தன.

அக்டோபரில் உண்மை வெளிப்பட்டபோது இரண்டும் குற்றமற்றவை எனத் தெரிந்தது. கெர்னலின் உள்ளோட்டத்தைக் கண்காணிக்கப் புதிதாகச் சேர்க்கப்பட்ட 'எஃப்டிரேஸ்' என்ற கருவியே காரணம். நினைவகத்தில் ஒரு நிரல்துண்டு இருந்த முகவரியை அது குறித்து வைத்திருந்தது. அத்துண்டு தன் வேலை முடிந்து இடத்தைக் காலி செய்துவிட்டது. அந்த முகவரி பின்னர் பிணைய அட்டைக்கு ஒதுக்கப்பட்டது. குடிமாறிய வீட்டுக்குப் பழைய குடியிருப்பாளர் பெயரில் கடிதம் போடுவதுபோல, எஃப்டிரேஸ் அதே முகவரியில் எழுத, அது அட்டையின் நிரந்தர நினைவகத்தைச் சிதைத்தது. அக்கருவியின் அப்பகுதி 2.6.27.1இல் முடக்கப்பட்டது. உபுண்டு 8.10 அம்மாத இறுதியில் வெளியானபோது அதை நிறுவிய மக்கள் இவற்றுள் எதையும் அறிய நேரவில்லை. சில முன்வெளியீட்டுச் சோதனையாளர்களின் அட்டைகளே அவர்களுக்கான விலையாயின.

பழைய கணினிகளின் கதை இதைவிட அமைதியானது. அதில் இழப்பு மெதுவாக நிகழ்கிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் வாங்கிய 386 கணினியில்தான் லினக்ஸ் பிறந்தது. 2012 டிசம்பரில் அதே 386க்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது. அச்சில்லுக்கெனத் தனியே எழுதப்பட்ட வரிகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் இடறலாயின என்பதே காரணம். தமக்கு இதில் உணர்ச்சிவசப்பட ஏதுமில்லை என்று டோர்வால்ட்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். 386ஐ அப்போது அன்றாடம் பயன்படுத்தியவர் அரிது; நீக்கியதில் தவறில்லை என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் புழக்கத்தில் இருக்கும் கணினியே வாசலில் நிறுத்தப்படும்போது செய்தி வேறு. 2010 ஏப்ரலில் உபுண்டு 10.04 வெளிவந்த வேளையில், பென்டியம் 4 காலத்து மேசைக் கணினிகளில் பரவலாயிருந்த இன்டெல் 845 முதலிய வரைகலைச் சில்லுகளில் திரை உறைந்துபோயிற்று. எந்த அமைப்பை மாற்றினால் எந்தச் சில்லு ஓடுகிறது என்பதைப் பயனர்கள் தத்தம் பெட்டிகளில் ஒவ்வொன்றாக முயன்று தொகுத்தனர். இன்னொரு நிகழ்வு மடிக்கணினி சார்ந்தது. எனினும் சொல்லாமல் விட மனமில்லை. 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10, 'பி.ஏ.இ.' என்ற நினைவக வசதியுள்ள 32 பிட் செயலிகளையே ஏற்றது. 2003 காலத்துப் பென்டியம் எம் செயலிகள் தம்மிடம் அவ்வசதி உண்டென அறிவிப்பதில்லை. ஆகவே நிறுவி அவற்றை மறுத்தது. பழைய கணினி வைத்திருந்தவர்கள் துருவிப் பார்த்தபோது அவ்வசதி அச்சில்லுகள் பலவற்றில் உண்மையில் இருந்தது. சில்லு அதைச் சொல்லவில்லை, அவ்வளவே. 2014 ஏப்ரலில் வந்த 14.04இல் அவ்வசதியை வலிந்து இயக்கும் தெரிவு சேர்க்கப்பட்டது. மறுக்கப்பட்ட கணினிகள் மீண்டும் உள்ளே வந்தன.

2016இல் உபுண்டு உருவாக்குநர்களிடையே 32 பிட் பதிப்பைத் தொடர்வதா என்ற விவாதம் எழுந்தது. அதைத் தயாரிப்பதிலும் ஒவ்வொரு முறையும் சோதித்து உறுதிசெய்வதிலும் செலவு உண்டு என்பது நீக்கக் கோரியோரின் வாதம். 2017 அக்டோபரில் 32 பிட் மேசைக் கணினிக்கான நிறுவல் கோப்பு நின்றது. டெபியனின் படிகள் சற்று நிதானமானவை: 2017இன் 9ஆம் பதிப்பு 686 வகைக்குக் குறைந்த செயலிகளைக் கைவிட்டது; 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான 13ஆம் பதிப்பில் 32 பிட் பெட்டிகளுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை.

ஒரு பெரிய வழங்கல் சோதிக்கப்பட்டால் அதன் கிளைகளும் பயனடைகின்றன. 2007 முதல் சில ஆண்டுகள் உபுண்டுவின் மேல் கட்டப்பட்ட 'முஸ்லிம் எடிஷன்' (பின்னாளில் 'சபீலி') தொழுகை நேரம் காட்டும் மென்பொருள், குர்ஆன் ஆய்வுக்கான 'ஸிக்ர்' முதலியவற்றைச் சேர்த்து வழங்கியது. நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியன் வழி வந்தது. இவற்றின் வேர்ப்பழுதுகளை எங்கோ ஒருவர் முன்பே கண்டு எழுதியிருந்தார்.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். 2006இல் வந்த கோர் 2 டுவோவும் அதன் வழித்தோன்றல்களும் 64 பிட் செயலிகள். டெபியன் 13 அவற்றை ஏற்கும். அதற்கு முந்தைய பென்டியம் 4 பலவும் 32 பிட் என்பதால் அவற்றுக்கு இவ்வாயில் அடைபட்டுவிட்டது. அடுத்த பதிப்பான 'ஃபோர்க்கி' இப்போது சோதனைக் கிளையில் இருக்கிறது. அதை நிறுவிப் பார்க்க விரும்புவோர், குடும்பப் படங்களோ கணக்குகளோ இல்லாத உபரிக் கணினியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நிறுவியில் தமிழும் ஒரு மொழி. ஆனால் தமிழெழுத்துகளுக்கு வரைகலை வடிவிலான நிறுவி தேவை. நினைவகம் மிகக் குறைந்த பெட்டியில் நிறுவி தானாகவே சிக்கன முறைக்கு மாறி ஆங்கிலத்தை மட்டும் காட்டும். எவ்வளவு நினைவகத்தில் தமிழ்த் திரை தோன்றியது, எழுத்துகள் உடையாமல் வந்தனவா, எந்தப் படியில் நின்றது என்பவற்றைப் படிவத்தின் இறுதியிலுள்ள கருத்துப் பகுதியில் எளிய ஆங்கிலத்தில் எழுதி அனுப்பலாம். முயன்று பார்க்காத கட்டங்களை வெறுமையாகவே விட்டுவிடலாம்.