வெக்டர் தரவுத்தளங்களில் வேகமானது எது? ஒப்பீட்டு எண்களைப் படிக்கும் முறை

வங்கிச் செயலியின் உதவிப் பக்கத்தில் ஒருவர் "பணம் இரண்டு முறை பிடிக்கப்பட்டுவிட்டது" என்று தட்டச்சு செய்கிறார். விடை இருக்கும் பக்கத்தின் தலைப்போ "இரட்டைப் பரிவர்த்தனை தொடர்பான புகார்" என்பதாகும். இரண்டுக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் அந்தப் பக்கம் திரையில் தோன்றுமானால், பின்னணியில் வெக்டர் தேடல் இயங்குவதற்கான வாய்ப்பு அதிகம்.

வாசகம், படம், பாடல் என எதையும் சில நூறு அல்லது சில ஆயிரம் எண்கள் கொண்ட வரிசையாக மாற்றுவது இதன் அடிப்படை. அந்த வரிசையே வெக்டர் எனப்படுகிறது. பொருளில் நெருங்கியவை எண்வெளியிலும் அருகருகே அமையும். பயனரின் கேள்விக்கு மிக அருகில் உள்ள பத்து வெக்டர்களைக் கண்டெடுப்பதே அண்மைத் தேடல்.

ஒவ்வொரு வெக்டருடனும் ஒப்பிட்டால் விடை துல்லியமாகக் கிடைக்கும். எண்ணிக்கை கோடிகளைத் தொடும்போது அம்முறைக்குச் செலவும் நேரமும் கட்டுப்படியாவதில்லை. எனவே பெரும்பாலான மென்பொருள்கள் தோராயத் தேடலைக் கையாள்கின்றன. சில விடைகள் தவறிப்போகலாம் என்பதை ஏற்று, அதற்கு ஈடாக வேகத்தைப் பெறுகின்றன. ஒப்பீடுகளில் எழும் குழப்பத்தின் பெரும்பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது.

இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படும் பொது ஒப்பீடு, ஏஎன்என்-பெஞ்ச்மார்க்ஸ் என்ற திறந்த மூலத் திட்டமாகும். இது மென்பொருள்களை ஒரே கணினியில், ஒரே தரவுகளின் மீது இயக்கிப் பார்க்கிறது. அத்தகைய தரவுகளில் ஒன்றான சிஃப்ட் தொகுப்பில் 128 எண்கள் கொண்ட 10 லட்சம் வெக்டர்களும் 10,000 சோதனைக் கேள்விகளும் உள்ளன. முடிவு இரண்டு அளவுகளாக வரையப்படுகிறது: நொடிக்கு எத்தனை கேள்விகளுக்கு விடை கிடைத்தது, உண்மையான பத்து விடைகளில் எத்தனை மீட்கப்பட்டன. பத்தில் ஒன்பது கிடைத்தால் மீட்பு விகிதம் 0.9 ஆகும்.

இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் முதல் எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துவதில் பொருளில்லை. 2016-ல் மால்கோவ், யாஷுனின் ஆகியோர் வெளியிட்ட எச்என்எஸ்டபிள்யூ முறை வெக்டர்களை அடுக்கடுக்கான வலைப்பின்னலாக இணைக்கிறது. அதில் தேடலின் அகலத்தைக் குறிக்கும் ஓர் எண்ணைக் கூட்டினால் மீட்பு உயரும், வேகம் குறையும். ஒரே மென்பொருளை வேகமானதாகவும் காட்டலாம், மந்தமானதாகவும் காட்டலாம்.

ஸ்பாட்டிஃபை நிறுவனம் பாடல் பரிந்துரைக்காக உருவாக்கிய அன்னாய் என்ற கருவி, பொது வரைபடங்களில் இந்த வலைப்பின்னல் முறைகளுக்குப் பின்தங்கியே நிற்கிறது. 2023-ல் அந்நிறுவனமே எச்என்எஸ்டபிள்யூ அடிப்படையிலான வாயேஜர் கருவியை வெளியிட்டது.

வேகத்தைவிட நினைவகமே பல நிறுவனங்களின் கையைக் கடிக்கிறது. 1,536 எண்கள் கொண்ட ஒரு கோடி வெக்டர்களை, எண்ணுக்கு 4 பைட் வீதம் வைத்தால், ஏறத்தாழ 61 ஜிபி தேவைப்படும். வலைப்பின்னலின் இணைப்புகளுக்கான இடம் இதற்கு மேல். எண்களைச் சுருக்கி ஒரு பைட்டாக வைத்தால் தேவை நான்கில் ஒன்றாகும். துல்லியம் சற்றுக் குறையும்.

மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் ஆய்வாளர்கள் பங்கேற்று 2019-ல் வெளியான டிஸ்க்ஏஎன்என் வேறு வழியைக் காட்டியது. வெக்டர்களின் சுருக்க வடிவை மட்டும் நினைவகத்தில் வைத்து, முழு வடிவை எஸ்எஸ்டி வட்டில் வைப்பதே அவ்வழி. 64 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே கணினியில் 100 கோடி வெக்டர்களைத் தேடி, நொடிக்கு 5,000-க்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு 95 சதவீதத்துக்கும் அதிகமான மீட்புடன் விடையளித்ததாக ஆய்வுக் கட்டுரை கூறுகிறது. அந்தத் தரவின் மூல அளவு மட்டுமே 128 ஜிபி என்பது குறிப்பிடத்தக்கது.

நூலகத்தையும் தரவுத்தளத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவது மற்றொரு பிழை. ஃபேஸ்புக் 2017-ல் வெளியிட்ட ஃபைஸ் ஒரு நிரல் நூலகம். அழைக்கும் நிரலுக்குள்ளேயே இயங்குகிறது. மில்வஸ், குவாட்ரன்ட், வீவியேட் போன்றவை தரவுத்தளங்கள். அவை வலைப்பின்னல் வழியே கேள்வியைப் பெற வேண்டும்; புதிய பதிவுகளைச் சேர்க்கவும், நீக்கவும், மின்சாரம் போனாலும் காக்கவும் வேண்டும். இந்தச் சுமைகளைக் கணக்கில் எடுக்காமல் நூலகமே வேகமானது என்பது நியாயமான தீர்ப்பாகாது.

வடிகட்டல் இன்னும் கடினமானது. "மும்பைக் கிளையில் கடந்த 30 நாள்களில் வந்த புகார்கள்" என்ற நிபந்தனையுடன் தேடும்போது, முதலில் 100 அண்மை விடைகளை எடுத்துப் பின் வடிகட்டினால், எஞ்சுவது இரண்டோ மூன்றோ ஆகலாம். 2023-ல் நியூரிப்ஸ் மாநாட்டையொட்டி நடந்த போட்டியில் வடிகட்டிய தேடலும், தரவு மாறிக்கொண்டே இருக்கும் நிலையும் தனிப் பிரிவுகளாயின. தயாரிப்பாளர்கள் தாமே வெளியிடும் ஒப்பீடுகளும் உண்டு. மில்வஸை உருவாக்கிய ஜில்லிஸ், குவாட்ரன்ட் ஆகிய இரண்டும் தம் சோதனை நிரல்களைத் திறந்தே வைத்துள்ளன, அது வரவேற்கத்தக்கது. எனினும் தன் பொருளின் நுட்ப அமைப்புகளை நன்கறிந்தவரே போட்டியாளரின் பொருளையும் அமைத்துச் சோதிக்கிறார் என்பதை வாசகர் மறக்கலாகாது.

மீட்பு விகிதம் 0.9 என்பது ஒரு சராசரி மட்டுமே. ஒரு கேள்விக்குப் பத்தும் கிடைத்து, மற்றொன்றுக்கு ஐந்து மட்டும் கிடைத்திருக்கலாம். பாடல் பரிந்துரையில் அதை எவரும் உணரார். நீதிமன்றத் தீர்ப்புகளையோ மருந்துகளின் பக்கவிளைவுப் பதிவுகளையோ தேடுபவருக்கு, விடுபட்ட அந்த ஒன்றே வேண்டியதாக இருக்கக்கூடும். மேலும், வெக்டர்களை உருவாக்கும் மாதிரி தமிழையோ இந்தியையோ சரிவரப் பயிலவில்லையெனில், 100 சதவீத மீட்பும் தவறான பக்கத்தையே துல்லியமாகக் கொண்டுவந்து நிறுத்தும். எந்த வேக வரைபடத்திலும் இக்குறை தெரியாது.

ஆகவே தன் பயனர்கள் கேட்ட கேள்விகளில் சில நூற்றை எடுத்து, முழு ஒப்பீட்டின் விடைகளோடு தோராயத் தேடலின் விடைகளைப் பொருத்திப் பார்ப்பதே ஒரு நிறுவனம் செய்யத்தக்க முதல் சோதனை. ஒரு லட்சம் வெக்டர்கள் அளவில் முழு ஒப்பீடே நொடியின் சிறு பகுதியில் முடிந்துவிடும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் இணைப்பான பிஜிவெக்டர், தனி அட்டவணை எதையும் அமைக்காத வரை, அந்த முழு ஒப்பீட்டையே இயல்பாகச் செய்கிறது.