அடுப்பு வந்தது, புகைக்கூடு வரவில்லை



2022இல் கேஸ் வரிசையில் நின்று களைத்துப்போய் நம்மில் பலர் அனகி அடுப்பு வாங்கினோம். கேஸ் திரும்பி வந்த பிறகும் அதன் விலையைப் பார்த்து, பல வீடுகளில் அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. அதன் வரலாறு தெரிந்தால் நம் குசினியில் எது குறைகிறது என்பதும் விளங்கும்.

புகையில்லா அடுப்பு புதிய எண்ணமல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுகூடத்தில் எஸ்.பி.ராஜு மண்ணால் ஓர் அடுப்பை அமைத்தார். ஒரே தீயில் பல பானைகள் வேகும்; கடைசியில் உள்ள குழாய் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோகும். அதைப் பற்றி 1953இல் அவர் வெளியிட்ட சிறுநூல் புகையற்ற குசினிகளைப் பற்றியே பேசியது. சமைக்கிறவரின் கண்ணும் நெஞ்சும்தான் அங்கே முதற் கவலை.

1970களில் கவலை மாறியது. எண்ணெய் விலை ஏறியது. காடு அழிகிறது என்ற பயமும் சேர்ந்தது. விறகை மிச்சம் பிடிப்பதே அடுப்புத் திட்டங்களின் நோக்கமாயிற்று. அந்த வழியில்தான் 1986இல் நம் நாட்டில் அனகி வந்தது. 'அனகி' என்றால் சிங்களத்தில் விலைமதிப்பற்றது. இரண்டு பானை வைக்கலாம், களிமண்ணில் ஒரே துண்டாக வனையலாம், விலையும் குறைவு. மூன்று கல் அடுப்பைவிட விறகு குறைவாகவே போகும். நல்ல அடுப்புத்தான். ஆனால் அதில் புகைக்கூடு இல்லை. விறகு குறைந்தால் புகையும் குறையும், இல்லாமல் போகாது.

புகைக்கூடு என்ன செய்யும் என்பதைக் குவாத்தமாலாவின் மலைக்கிராமங்களில் சோதித்தார்கள். சுமார் 500 வீடுகளில் பாதிக்குப் புகைக்கூட்டோடு அடுப்பு கட்டிக்கொடுத்தார்கள். 2011இல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. குழந்தைகள் சுவாசித்த புகை ஏறக்குறைய பாதியாயிற்று. எல்லா நியூமோனியாவையும் சேர்த்துப் பார்த்தபோது உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. கடுமையான நியூமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்களவு குறைந்திருந்தது.

முன்னர் நம் குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. ஓட்டிடுக்கிலும் கிடுகிடுக்கிலும் புகை வெளியேறியது. இன்று குசினி வீட்டுக்குள்ளே, மேலே சீலிங். புகை போக வழியில்லை.

ஆகவே விறகடுப்பு வைப்பவர்கள் மேசனிடம் புகைக்கூட்டையும் சேர்த்தே பேசுவோம். குழாய் வளைவில்லாமல் நேராக ஏறட்டும். முகட்டுக்கு மேலே இரண்டடியாவது நிற்கட்டும். கூரை மரத்தில் சூடான தகரக் குழாய் தொடக்கூடாது. கரி தட்டிச் சுத்தம்செய்ய ஒரு மூடி வேண்டும். அடைத்த புகைக்கூடு புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும்.

இதற்குச் செலவுண்டுதான். ஆனால் முன்ஹோலுக்கு டைல்ஸ் பதிக்க நாம் கணக்குப் பார்ப்பதில்லை. நாமெல்லாம் தூங்கும்போது ஸஹருக்கு அடுப்பு மூட்டுகிற நம் உம்மாமாரின் மூச்சுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம்?