பொன்தாள் பதித்த கன்னியர்



சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலிருந்து கியூபெக் நகர் செல்வோர் உர்சுலைன் கன்னியர் மடத்துச் சிற்றாலயத்தைத் தவறாது காணுங்கள். 1726 முதல் 1736 வரை லெவாசர் குடும்பத்துச் சிற்பிகள் செதுக்கிய மரவேலைப்பாட்டிற்குப் பொன்தாள் பதித்தவர்கள் அம்மடத்துக் கன்னியரே. 1902இல் கட்டடம் புதிதாக எழுந்தபோதும் பழைய சிற்பங்களையே மீண்டும் நிறுவினர், நல்ல முடிவு.

மரத்தின்மேல் சுண்ணப்பொடியும் விலங்குப்பசையும் குழைத்துப் பலமுறை பூசி, செங்களிமண் தடவி, அதை நீரால் நனைத்துப் பொன்தாளை ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவதே பழைய முறை. நீரால் ஒட்டியது நீரால் பெயரும். ஆகவே, உங்கள் இல்லத்துப் பழைய திருப்படச் சட்டங்களைத் திருநாளுக்கென்று ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மங்கிய இடத்தில் கடையில் விற்கும் தங்கநிறச் சாயம் பூசுவது அதனினும் கேடு. பெரும்பாலும் அது வெண்கலத்தூள், நாளடைவில் பழுப்பேறிக் கறுத்துவிடும். மென்தூரிகையால் தூசி அகற்றினால் போதும். செதில் பெயரும் இடத்தைத் தொடவே வேண்டாம். அடியிலுள்ள செம்மண் சிறிது தெரிந்தால் தெரியட்டும்.