நீக்கப்பட்ட பிழையும் காட்டோரத்தில் ஒளித்த வாளியும்

2000 ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் ஓர் அறிவித்தலை விடுத்தார். விண்ணில் சுற்றிக்கொண்டிருந்த ஜீ.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞைகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை அன்று நள்ளிரவுடன் நீக்கப்படும் என்பதே அதன் சாரம். சொன்னபடியே அது நீக்கப்பட்டது. உலகெங்கும் மீனவர்களும் மலையேறிகளும் கையில் வைத்திருந்த கருவிகள், அவற்றில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமலே, அந்த ஒரு கணத்தில் ஏறத்தாழப் பத்து மடங்கு துல்லியம் பெற்றன. 100 மீற்றர் வரை தவறாகக் காட்டியவை 10, 20 மீற்றருக்குள் வந்து நின்றன.

எமது பத்திரிகைகள் அந்த வாரம் இதைக் கவனித்திருக்க நியாயமில்லை. ஏப்ரல் 22 இல் ஆனையிறவுத் தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்திருந்தது. மே 3 இல் கொழும்பில் கடுமையான அவசரகால விதிகள் பிரகடனம் செய்யப்பட்டுப் பத்திரிகைத் தணிக்கையும் இறுக்கப்பட்டது. அதே மே 3 ஆம் திகதி, பூமியின் மறுபக்கத்தில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊருக்கு அருகில், டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்தார். உள்ளே சில புத்தகங்கள், கணினி மென்பொருள், கவண், கொஞ்சம் பணம், அவரை விதை அடைத்த ஒரு தகர ரின், வந்துபோவோர் எழுதிவைக்க ஒரு குறிப்பேடு. வாளி இருக்கும் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் ஜீ.பி.எஸ். ஆர்வலர்களின் இணையக் கலந்துரையாடல் குழுவொன்றில் வெளியிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: எதையாவது எடுத்தால் எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். ஜியோகாஷிங் என்று இன்று உலகம் அறிந்த பொழுதுபோக்கின் பிறப்பு அதுவே.

பெரியவர்கள் ஆடும் கண்ணாமூச்சி என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அல்மர் சோதித்துப் பார்த்தது ஓர் அரசாங்கத்தின் வாக்கை. பிழை உண்மையாகவே நீங்கிவிட்டதென்றால், முன்பின் அறியாத ஒருவர் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த வாளியை வந்தடைய முடியும். நீங்கவில்லையென்றால் காடு முழுவதும் அலைய வேண்டியதுதான். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் இந்த வாளியின் கதையைச் சொல்ல இயலாது.

1957 ஒக்டோபர் 4 இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரயோக பௌதிக ஆய்வுகூடத்தில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைஃபென்பாக் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதன் ஒலிச் சமிக்ஞையைப் பிடித்துக் கேட்டனர். புகையிரதம் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் ஊதல் மாறி ஒலிப்பதுபோல் ஸ்புட்னிக்கின் சமிக்ஞையும் மாறியது. அந்த மாற்றத்தைக் கொண்டே அதன் பாதையைக் கணித்துவிட்டார்கள். பூமியில் தெரிந்த இடத்திலிருந்து விண்ணில் தெரியாத பொருளைக் கண்டுபிடிக்கலாமென்றால், தெரிந்த செய்மதியைக் கொண்டு பூமியில் தெரியாத இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்று மறுவருடம் அவர்களின் மேலதிகாரி பிராங்க் மக்லுயர் கேட்டார். அணுவாயுத நீர்மூழ்கிகளுக்கு அந்த வசதி அவசரமாகத் தேவைப்பட்டது. ட்ரான்சிட் என்ற அந்த முறைமை 1964 இல் கடற்படையின் பாவனைக்கு வந்தது.

இவ்விடத்தில் இலங்கையரான எமக்கு ஒரு சிறு பெருமை உண்டு. ஸ்புட்னிக் பறப்பதற்கும் ஒரு வருடம் முன்னர், 1956 இல், அமெரிக்கச் சட்டத்தரணி அன்ட்ரூ ஹேலிக்கு எழுதிய கடிதமொன்றில் ஆதர் சி. கிளார்க், கைக்கடிகார அளவிலான ஒரு கருவியைக் கொண்டு பூமியில் எவரும் தாம் நிற்கும் இடத்தை அறிந்துகொள்ளும் காலம் வரும் என்று குறிப்பிட்டிருந்தார். அவர் இலங்கையில் குடியேறியதும் அதே 1956 இல்தான். 2008 இல் கொழும்பில் அவர் மறைந்தபோது அந்தக் கருவி கடைகளில் விற்பனைக்கு இருந்தது.

ஜீ.பி.எஸ்.ஸின் முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் செய்மதி ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இன்னது" என்பதையே அது ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும். கையிலுள்ள கருவி தன் பங்குக்கு எதையும் அனுப்புவதில்லை. கேட்கிறது, கணக்கிடுகிறது, அவ்வளவுதான். சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தூரம் கிடைக்கும். கருவியின் மலிவான கடிகாரம் காட்டும் நேரத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செய்மதிகள் தேவை. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தூரம் 300 மீற்றர் தவறிவிடும்.

இந்த இராணுவச் சாதனம் பொதுமக்களுக்கு வாக்களிக்கப்பட்டது ஒரு படுகொலைக்குப் பின்னரே. 1983 செப்டெம்பர் முதலாம் திகதி நியூயோர்க்கிலிருந்து அங்கரேஜ் வழியாகச் சியோல் நோக்கிச் சென்ற கொரிய விமானம் 007, திசை தவறிச் சோவியத் வான்பரப்புக்குள் புகுந்தது. சகாலின் தீவருகே சோவியத் போர்விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த 269 பேரும் மாண்டனர். இரு வாரங்கள் கழித்து, ஜீ.பி.எஸ். முழுமை பெற்றதும் உலகின் சிவில் விமானங்கள் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ரொனால்ட் ரீகனின் நிர்வாகம் அறிவித்தது.

கொடுத்தார்கள், ஆனால் கலப்படம் செய்து கொடுத்தார்கள். எதிரிகளும் இந்தத் துல்லியத்தைப் பயன்படுத்திவிடுவார்களே என்று அஞ்சி, பொதுமக்களுக்கான சமிக்ஞையில் நேரத்தைச் சற்றே முன்பின்னாக அசைத்துவிட்டார்கள். 1990 இல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டுக்குத் "தெரிந்தெடுத்த கிடைப்பனவு" என்று பொருள்படும் நாகரிகமான பெயர் வேறு. பொய்க்கு அரசாங்கங்கள் சூட்டும் பெயர்கள் எந்த நாட்டிலும் அழகாகவே இருக்கும்.

அடுத்து நடந்ததை நையாண்டி எழுத்தாளர்கூடக் கற்பனை செய்திருக்க மாட்டார். அதே ஆண்டு ஓகஸ்டில் ஈராக் குவைத்தினுள் புகுந்தது. அடையாளம் ஏதுமற்ற மணற்பாலைவனத்தில் இறக்கப்பட்ட அமெரிக்கப் படையினருக்குப் போதிய இராணுவக் கருவிகள் இல்லை. ஆயிரக்கணக்கில் சிவில் கருவிகளை வாங்கி அனுப்ப வேண்டியதாயிற்று. தாம் கலந்த பிழையில் தமது படையினரே வழிதவறுவர் என்பதால் பென்டகன் அதைத் தற்காலிகமாக நிறுத்தியது. போர் முடிந்ததும் மீண்டும் கலந்தது. பின்னர் அமெரிக்கக் கரையோரக் காவற்படை, கப்பல்களின் பாதுகாப்புக்காக அந்தப் பிழையைத் திருத்தும் வானொலிச் சமிக்ஞைகளைக் கரையிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை பிழையைக் கலக்க, மறு கை அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. 2000 ஆம் ஆண்டு முடிவுக்கு இதுவும் ஒரு காரணம்.

வாளிக்கு வருவோம். ஒரிகனை அடுத்துள்ள வொஷிங்ரன் மாநிலத்தைச் சேர்ந்த மைக் டீக் என்பவர் எண்களைக் கருவியில் பதிந்துகொண்டு புறப்பட்டு, சில நாட்களுக்குள்ளேயே முதலாமவராக அதைக் கண்டுபிடித்தார். மற்றவர்களும் ஆங்காங்கே ஒளித்துவைக்கத் தொடங்கவே, அவற்றின் பட்டியலைத் தமது இணையப் பக்கத்தில் தொகுத்தவரும் அவரே. முதலில் இதற்கு வழங்கிய ஆங்கிலப் பெயர் போதைப்பொருள் பதுக்கலை நினைவூட்டுவதாக இருந்தது. அதனால், பழைய வேட்டைக்காரர்கள் உணவைப் புதைத்துவைக்கும் இடத்துக்கு வழங்கிய பிரெஞ்சு வழிச் சொல்லான "காஷ்" என்பதைப் புவியோடு சேர்த்து அந்த மே மாத இறுதியில் மட் ஸ்டம் என்பவர் புதுப்பெயர் சூட்டினார். செப்டெம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கெனத் தனி இணையத்தளம் தொடங்கியபோது உலகெங்கும் நூறுக்கும் குறைவான பெட்டிகளே இருந்தன. இன்று 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டன. 2008 இல் ரிச்சர்ட் கரியட் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் ஒன்றை வைத்துவிட்டு வந்தார்.

ஒளித்துவைத்துத் தேடும் ஆசை ஜீ.பி.எஸ்.ஸுக்கு முந்தியது. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில், கிரான்மியர் என்னும் எட்டாத இடத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854 இல் ஒரு போத்தலை வைத்து, அங்கு வரை நடந்து வருவோர் தம் பெயரட்டையை இட்டுச்செல்லச் செய்தார். அந்த மரபு இன்றும் அங்கு உண்டு. புதியது, எண்கள் மட்டுமே போதும் என்ற நிலைதான்.

கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதுச் சந்தைக்கு வந்த முதற் கையடக்க ஜீ.பி.எஸ். 1989 இல் மகெல்லன் நிறுவனம் வெளியிட்டது. செங்கல் போன்ற அதன் விலை சுமார் 3000 டொலர். அதே ஆண்டில் கேரி பரெல், மின் காவ் ஆகிய இரு பொறியியலாளர் தொடங்கிய கார்மின் நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் ஈட்ரெக்ஸ் என்ற மஞ்சள் நிறச் சிறு கருவியை வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும், இரண்டு சாதாரண பற்றரி போதும். திரையில் வரைபடம் கிடையாது. ஓர் அம்புக்குறியும் மீதித் தூரமும் மட்டுமே. பிழை நீங்கிய ஆண்டிலேயே அது சந்தைக்கு வந்ததால் இவ்விளையாட்டின் ஆரம்பக் காலப் படங்கள் பலவற்றில் அந்த மஞ்சள் நிறத்தைக் காணலாம்.

அதை வைத்துத் தேடுவதிலும் ஒரு பழக்கம் வேண்டும். அடர்ந்த மரங்களின் கீழும் பாறைப் பிளவுகளிலும் சமிக்ஞை அறுந்துபோகும். உள்ளே திசைகாட்டி இல்லாத கருவிக்குத் திசை தெரிய வேண்டுமானால் நாம் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் அம்பு கண்டபடி சுழலும். எண்களை நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை எழுதுவது வழக்கம். அகலாங்கில் ஒரு நிமிடம் 1852 மீற்றர் என்பதால் கடைசி இலக்கத்தின் பெறுமதி இரண்டு மீற்றருக்கும் குறைவு. எண் அவ்வளவு நுட்பமாக இருந்தாலும் கருவி பத்து மீற்றருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். அதன்பின் உள்ளதெல்லாம் கண்ணின் வேலை: குவித்த கற்கள், பொந்து விழுந்த மரம், இயல்புக்கு மாறாகக் கிடக்கும் சுள்ளிகள்.

இங்கேதான் எம்மவர் மனம் சற்றே துணுக்குறும். கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைத் தொடாதே என்று பஸ் நிலையங்களிலும் புகையிரத நிலையங்களிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முன்பின் தெரியாத ஒருவர் புதருக்குள் வைத்த பெட்டியைத் தேடிச்சென்று மகிழ்ச்சியுடன் திறப்பது என்பது, திறப்பவருக்கு அந்த மண்மீதும் அந்த மனிதர்மீதும் உள்ள நம்பிக்கையைப் பொறுத்தது. மேற்கிலும் அந்த நம்பிக்கை எப்போதும் உறுதியாக இருந்ததில்லை. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிறுநகரில், இத்தகைய பெட்டியொன்றைக் கையாண்டவரைச் சந்தேகித்து யாரோ பொலிஸுக்கு அறிவித்தனர். தெரு மூடப்பட்டு, இராணுவத்தின் குண்டு அகற்றும் பிரிவு வந்து அந்தச் சின்னஞ்சிறு பிளாஸ்ரிக் பெட்டியை வெடிக்கவைத்தது.

வன்னியில் அதே காலத்தில் அதே வகைக் கருவிகளுக்கு வேறு வேலை இருந்தது. 2009 இல் போர் முடிந்த பின்னர் கண்ணிவெடி அகற்றும் குழுவினர், மண்டையோட்டுப் பலகைகள் நட்ட காணிகளின் எல்லைகளை ஜீ.பி.எஸ். கொண்டு பதிவுசெய்து, வெடிகள் எடுக்கப்பட்ட நிலத்தைத் துண்டு துண்டாக வரைபடத்தில் விடுவித்துக்கொண்டு போனார்கள். அங்கும் நிலத்துள் ஒளிந்திருப்பதைத் தேடுவதுதான் வேலை. புதைத்தவர்களில் பலர் எந்த எண்களையும் எழுதிவைக்கவில்லை.

பிழையை மீண்டும் கலப்பார்களா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 2007 இல், இனி வாங்கும் செய்மதிகளில் அந்த வசதியே இருக்காது என்று அமெரிக்கா அறிவித்தது. ஆயினும் ஏனைய அரசுகள் அந்த வாக்கில் தங்கியிருக்க விரும்பவில்லை. ரஷ்யாவிடம் குளொனாஸ், ஐரோப்பாவிடம் கலிலியோ, சீனாவிடம் பெய்டூ, இந்தியாவிடம் நாவிக் என்று தனித்தனி முறைமைகள் உள்ளன. இன்றைய கையடக்கத் தொலைபேசி இவற்றுள் பலவற்றை ஒரே நேரத்தில் கேட்கிறது. மறுபுறம், 2022 இல் உக்ரேன் போர் விரிவடைந்த பின் கருங்கடல், பால்டிக் வட்டாரங்களில் சமிக்ஞைகளைக் குழப்புவது அன்றாடமாகிவிட்டது. கலப்பவர் மாறியிருக்கிறார், விமானிகளின் கவலை பழையதே.

2008 முதல் தொலைபேசிகளிலேயே ஜீ.பி.எஸ். பரவியதால் தனிக் கருவிகளின் விற்பனை சரிந்தது. ஆனாலும் காட்டிலும் மலையிலும் தேடுவோர் பலர் அவற்றைக் கைவிடவில்லை. மழையில் நனையலாம், கல்லில் விழலாம், பற்றரியைக் கடையில் வாங்கி மாற்றலாம்.

பீவர்கிரீக்கில் அல்மரின் வாளி இருந்த இடத்தில் ஆர்வலர்கள் 2003 இல் ஒரு நினைவுப் பலகை வைத்தனர். வாளி எஞ்சவில்லை. அவரை விதை ரின் மட்டும் துருவேறிய நிலையில் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. ஆர்வலர்கள் கூடும் விழாக்களுக்கு அதை எடுத்துச்சென்று காட்டுவது வழக்கமாயிற்று.